நாலு றாத்தல்

மூக்கனின் காலை வெட்டியது மூக்கனின் கத்திதான். அதில் பல்கலைக்கழகத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

என் பெயர் கணேசமூர்த்தி. றொசல்லைக்கு மேலே ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாகக் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவேன், பின்னேரம் கொழுந்து நிறுப்பேன். என் சீவியம் இவ்வளவுதான். படித்தவர்களோடு எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவர்களாகத்தான் எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள்.

மத்திய மலைநாட்டுப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. இப்போது தேடாதீர்கள், கிடைக்காது. அறுபத்திரண்டாம் வருஷம் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. விரிவுரையாளர்களில் பாதிப் பேருக்கு உறக்கம் இல்லை, மீதிப் பேருக்குச் சமிபாடு இல்லை என்று தெரிந்தது. உடனே எங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்த சின்னத்துரை பங்களாவையும் சுற்றிப் பதினைந்து ஏக்கரையும் வாங்கி, 'சுகநல சமத்துவ நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பதினைந்து ஏக்கருக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றும் அகப்பட்டுக்கொண்டது. இருபத்துநாலு குடும்பம். எல்லைக்குள் குடியிருப்பவர் எல்லாரும் பல்கலைக்கழகச் சமுதாயம் என்று சட்டம் சொன்னதாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மூக்கனும் அவன் பெண்சாதி வேலாயியும் அப்படித்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள்.

லயத்தில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. நிலையத்தில் பத்துக் கட்டில், ஒரு டொக்டர், வெள்ளை நிறத்தில் ஒரு நோயாளர் வண்டி. எங்கள் தோட்டத்து மருந்துக்காரரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர்தான். ஆஸ்பத்திரி பதினொரு மைல். கொழுந்து லொறியில் ஏற்றிப் போகிற வழியில் செத்தவர்களின் பெயர் லயத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

திறப்பு விழாவில் நிலையத் தலைவர் பேராசிரியர் சண்முகராஜா பேசினார்.

"நோயின் முன்னால் பேராசிரியர் என்றும் தொழிலாளி என்றும் கிடையாது. இங்கே எவரும் எவருக்கும் முந்தியவர் அல்லர். ஒரே வாசல், ஒரே வரிசை, ஒரே மருந்து. சலுகை என்ற சொல்லையே நாம் வேரோடு பிடுங்கி எறிவோம். எனக்கே சலுகை தந்தாலும் நான் ஏற்கமாட்டேன். மிகவும் வற்புறுத்தினால் மட்டும் யோசிப்பேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். மூக்கன் கொஞ்சம் அதிகமாகவே தட்டினான். அவன் சுபாவம் அது, நல்ல வார்த்தை கேட்டால் நம்பிவிடுவான்.

முதல் வாரம் ஊசி போட்டார்கள். சமுதாயத்தில் நூற்றைம்பது பேர், நூற்றைம்பது ஊசி. விரிவுரையாளர்கள் நாற்பது பேர் ஊசி என்றதும் முகம் வெளுத்து, தங்களுக்குக் கொள்கையளவில் போட்டால் போதும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த நாற்பது ஊசியை வீணாக்கலாமா? மொத்தத் தொகை குறைந்தால் சமத்துவம் கெட்டுவிடும். ஆகவே லயத்தில் நாற்பது பேருக்கு இரண்டாவது கையிலும் குத்தினார்கள். மறுநாள் இரண்டு கையையும் தூக்க முடியாமல் பெண்கள் பெரட்டுக்கு வந்து நின்றார்கள். கொழுந்தெடுக்கக் கை எழும்பவில்லை. கங்காணி ஏசினான், நானும் ஏசினேன்.

இரண்டாவது வாரம் மன நலம். உள்ளே அடக்கி வைத்த கோபம்தான் உறக்கத்தைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் தேயிலைத் தூசி நிரப்பிய சாக்கைத் தொங்கவிட்டு விரிவுரையாளர்கள் வரிசையாக வந்து குத்தினார்கள். சாக்கு ஆடுகிறது, குத்து சரியாக விழவில்லை என்று முறைப்பாடு வந்தது. பின்னால் நின்று சாக்கைக் கட்டிப்பிடிக்க மூக்கனை அழைத்தார்கள். முதல் நாள் சாக்கைக் குத்தினார்கள். இரண்டாம் நாள் சாக்கு கிழிந்துவிட்டது. புதுச் சாக்கு வரும்வரை என்ன செய்வது என்று குழு கூடி யோசித்தது. மூக்கன் அங்கேயே நின்றான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவன் ஒரு கண் மூடி, உதடு வெடித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா மூக்கா?"

"தத்துவம் படிப்பிக்கிறவரு ரொம்பக் கோவத்துல இருந்தாருங்கய்யா. இன்னிக்கு நல்லாத் தூங்குவாரு."

"நீ திருப்பிக் குடுக்கலையா?"

"எனக்குக் கோவம் இல்லைன்னு எழுதிட்டாங்களே. படிவத்துல இருக்குங்க."

ஆனால் அவனுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. "இவ்வளவு அடி வாங்கியிருக்கேன், நாளைக்கு ஒண்ணுன்னா பாக்காமலா விட்டுருவாங்க" என்று என்னிடம் சொன்னான். நான் ஆமாம் என்றேன். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது.

இனி காலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு விடாத மழை. நிலையத்துக்குக் கீழே ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடந்தது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை, கத்தி சவரக்கத்திக்குக் குறையாத கூர். வீங்கிய கண்ணோடு மூக்கன் வீசியதில் கத்தி ஈரக் கிளையில் வழுக்கி இடது முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக இறங்கிவிட்டது. எலும்பு தெரிந்தது. இரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினேன். துண்டு ஒரு நிமிஷத்தில் நனைந்துவிட்டது.

சாக்கில் போட்டுக் கம்பு கோத்துத் தூக்கிக்கொண்டு நானும் கவ்வாத்துக்காரர் எட்டுப் பேரும் ஓடினோம். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த வேலாயி மட்டக்கம்பும் கையுமாக ஓடி வந்தாள். செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற கம்பு அது, அதைக் கீழே போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள்.

நிலைய வாசலில் வரிசை நின்றது. முன்னால் விக்கல் எடுத்த வரலாற்று விரிவுரையாளர். அவருக்குப் பின்னால் காலில் புதுச் சப்பாத்துக் கடித்த இன்னொருவர். நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். பேராசிரியர் சண்முகராஜா குடையோடு வந்து மறித்தார்.

"வரிசை."

"ஐயா, ரெத்தம் நிக்கலைங்க," என்றாள் வேலாயி. "கொஞ்சம் அவசரங்கய்யா."

"அவசரம் எண்டுறதும் ஒரு சலுகைதான், அம்மா," என்றார். பரிவோடுதான் சொன்னார், பொய் சொல்லக்கூடாது. "இண்டைக்குக் காலுக்கு வழி விட்டால் நாளைக்குக் கைக்கு வழி விட வேணும். பிறகு சமத்துவம் எங்க போறது?"

விக்கல்காரருக்கு விக்கல் நிற்கும் வரை நின்றோம். மூக்கனின் இரத்தம் படியில் வழிந்து சப்பாத்துக் கடித்தவரின் சப்பாத்தை நனைத்தது. அவர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், கடியும் விட்டது, வரிசையை விட்டு விலகினார். சரியாக இருபது நிமிஷம்.

வாசலைத் தாண்டினால் நிறுவை. நிலையத்தின் நிறுவை இயந்திரம் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தது. அது வரும்வரை எங்கள் கொழுந்துத் தராசையும் என்னையும் இரவல் வாங்கியிருந்தார்கள். கொக்கியில் கூடையை மாட்டினால் முள் சுற்றுகிற தராசு. விதி எல்லாருக்கும் தெரியும், சுவரில் எழுதியிருந்தது: நூறு றாத்தல் நிறைக்குக் குறைந்தவர் மற்றவர்களுக்குச் சமமானவர் அல்லர், சமம் இல்லாதவருக்குச் சமமான மருந்து கொடுப்பது அநீதி, ஆகவே முதலில் அவரை நூறுக்கு உயர்த்த வேண்டும்.

மூக்கனின் கக்கத்தில் கயிறு கட்டிக் கொக்கியில் தூக்கினோம். அவன் முனகினான். முள் சுற்றி நின்றது. நூற்றிரண்டு.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு என்று நாலு றாத்தல் கழிப்பது வழக்கம். வெயில் அடித்தாலும் ஈரம் உண்டு. கூடையைத் தனியாக எடுத்து வைத்தாலும் கூடை உண்டு. தோட்டத்துத் துரை என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. முந்தின கணக்கப்பிள்ளை கழித்தார், நான் கழித்தேன். பதினெட்டு வருஷத்தில் முள் காட்டிய எண்ணை என் வாய் சொன்னதே கிடையாது.

"தொண்ணூற்றெட்டு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மூக்கனிடம் கூடை இல்லை. ஈரம் இருந்தது, அது இரத்தம்.

திருத்தியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் பக்கத்தில் பதினைந்து கொழுந்துப் பெண்கள் நின்றார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால், ஏன் சரியாக நாலு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் பதினெட்டு வருஷத்தையும் அல்லவா கேட்பார்கள். அதற்குள் எழுதிவிட்டார்கள்.

மூக்கனைப் போஷாக்கு மேசைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே விரிவுரையாளர் யோகேஸ்வரி பால் ஊற்றிக் கொடுத்தபடியே பருப்பிலும் கீரையிலும் உள்ள சத்தை விளக்கினார். மூக்கன் ஒரு கோப்பை குடித்தான். இரண்டாவது கோப்பையை வாந்தி எடுத்தான்.

"வாந்தி எடுத்தால் எடை சேராது," என்றார் யோகேஸ்வரி. "ஒத்துழைக்க வேண்டும்."

"ஒத்துழைக்கிறேங்கம்மா," என்றான் அவன். உதடு சுண்ணாம்பாக இருந்தது. மூன்றாவது கோப்பையை வாயைத் திறந்து ஊற்றினார்கள். மேலே பால் போனது, கீழே இரத்தம் போனது. மேசைக்கு அடியில் இரண்டும் கலந்து ஓடின.

வைத்திய அறை பத்து அடி தூரத்தில்தான். கதவு பூட்டியிருந்தது. உள்ளே டொக்டர் ராமநாதன் பத்திரிகை படிக்கும் சரசரப்பு எங்களுக்குக் கேட்டது. சமமானவர் ஒருவரும் அன்று இன்னும் வராததால் அவருக்கு வேலை இல்லை.

மறுபடியும் நிறுத்தோம். முள் சரியாக நூறில் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

"நூறு," என்று சத்தமாகவே சொன்னேன்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முள்ளைப் பார்த்தார். முதல் நிறுவையின்போதும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். பாவி மனுஷன், படித்தவர் அல்லவா.

"என்ன காணும், முந்தி நாலு கழிச்சனீர். இப்ப ஏன் கழிக்கேல்லை?"

"ஐயா, அது பழக்கத்துல..."

"பழக்கம் எண்டால்?"

மூக்கனின் தலை தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "கொழுந்துக்குக் கழிக்கிறதுங்கய்யா. கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு. எல்லா நாளும் கழிக்கிறதுங்க. இவன் மொதல்லயே நூத்திரண்டு. தப்பு என்னுதுதான். கதவத் தெறக்கச் சொல்லுங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஈரத்தைக் கழிக்கிறதோ? அருமையான முறை. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மனுசனிலும் பெரும்பகுதி ஈரம்தானே. ஒருக்கால் கழிச்சால் எப்பவும் கழிக்க வேணும், முறை ஒண்டாக இருந்தால்தான் விஞ்ஞானம். தொண்ணூற்றாறு எண்டு எழுதுங்கோ. இன்னும் நாலு கோப்பை பால் குடுங்கோ."

வேலாயி மட்டக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து என் முகத்தில் அடித்தாள். முன்பல் இரண்டு போயிற்று. இரண்டாவது அடியில் கம்பு என் காதோரம் முறிந்தது. முறிந்த துண்டால் பேராசிரியரின் வாயில் குத்தினாள். அவருக்கு ஒரு பல். பெண்கள் பால் சட்டியைத் தூக்கி மேசை மேல் அடித்தார்கள். விக்கல்காரர் ஜன்னல் வழியாகக் குதித்து ரோஜாப் பாத்தியில் விழுந்தார். கவ்வாத்துக்காரர்கள் வைத்திய அறைக் கதவைக் கொத்தினார்கள். நல்ல பலாப் பலகை, எட்டுக் கத்திக்கும் ஐந்து நிமிஷம் பிடித்தது. டொக்டரைக் கழுத்துப்பட்டியில் பிடித்து இழுத்து வந்து மூக்கனின் காலுக்கு முன்னால் உட்கார்த்தினார்கள்.

"தையிங்க," என்றான் கவ்வாத்துக்காரன் செல்லசாமி. அவன் கத்தி டொக்டரின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

டொக்டர் நல்ல கைகாரர், அதையும் சொல்ல வேண்டும். மளமளவென்று மூன்று தையல் போட்டார். இரத்தம் அடங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் நிலையத்தார் பொலிசுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார்கள். பொலிஸ் இருபதே நிமிஷத்தில் வந்தது. அவர்கள் அவசரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள். வந்ததும் யார் விரிவுரையாளர், யார் கூலி, யார் ஆண், யார் பெண் என்று ஒன்றும் பார்க்கவில்லை. பால் மேசைக்கு அடியில் ஒளிந்த யோகேஸ்வரிக்கும் முதுகில் விழுந்தது. டொக்டருக்கு முழங்கையில் விழுந்தது, நாலாவது தையல் பாதியில் நின்று ஊசி காலோடு தொங்கியது. ஊசியோடு சேர்த்து மூக்கனுக்கும் விழுந்தது. அந்த நிலையத்தில் வேறுபாடு பாராமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

அடி ஓய்ந்ததும் நோயாளர் வண்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் கட்டில் ஒன்றுதான். மூக்கனின் தையல் பிரிந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பேராசிரியருக்குப் பல் போன இடத்தில் இரத்தம் கசிந்தது.

"நான் சலுகை ஏற்கிறதில்லை," என்றார் பேராசிரியர், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு. இரண்டு விரிவுரையாளர்கள் வற்புறுத்தினார்கள். மிகவும் வற்புறுத்தவில்லை. வண்டி அவரோடு போய்விட்டது.

மூக்கனைக் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு மேல் கிடத்தினோம். நானும் வேலாயியும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவள் கை காலை விட்டு எடுக்கவே இல்லை. வட்டவளை தாண்டும்போது அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"நூறு வந்துருச்சுங்களாய்யா?"

"வந்திருச்சுடா."

அவனுக்குத் திருப்தி. ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று மைல் இருக்கையில் செத்துப்போனான்.

மூக்கன் செத்த பதினைந்தாம் நாள் பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. முந்தின நாளே துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டத்துத் தராசில் நாலு றாத்தல் கழிகிறது என்று வெளியே பேச்சு வரக்கூடாது, வந்தால் முதலில் போவது கணக்கப்பிள்ளை என்றார். பல்கலைக்கழகத்துக்கும் நூற்றிரண்டு பிடிக்கவில்லை. நூற்றிரண்டு என்றால் அவன் சமமானவன், கதவைத் திறந்திருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டு என்றால் விதி தன் வேலையைச் செய்தது, யார் மேலும் பழி இல்லை. செல்லசாமியும் மற்ற ஏழு பேரும் பொலிஸ் மறியலில் அடைபட்டிருந்தார்கள், பெண்களை மட்டும் எச்சரித்து விட்டிருந்தார்கள். நூற்றிரண்டு என்று நான் சொன்னால் அவர்கள் கதவை உடைத்ததிலும் ஒரு நியாயம் இருந்ததாக ஆகிவிடும். அதையும் யோசித்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன்.

விசாரணைக் குழுவின் தலைவர் முதலில் ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார். பிறகு பேசினார்.

"காலஞ்சென்ற நமது சமுதாய உறுப்பினர் நம் எல்லாருக்கும் சமமானவர். உயிரோடு இருந்தபோது அதை நிரூபிக்கப் போதிய அவகாசம் கிடைக்காதது துரதிர்ஷ்டம். இந்த நிலையம் அவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தது. அவருக்குத்தான் நேரம் போதவில்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முதல் நிறுவையில் அவருடைய நிறை என்ன?"

என் மூத்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். வேலை போனால் வீடும் போய்விடும். உள்ளுக்குள் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. பல் இல்லாத வாயால் சொன்னேன்.

"தொண்ணூற்றெட்டு."

எழுதிக்கொண்டார்கள். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஈரம் கழிக்கும் முறையைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். பிறகு பார்க்கலாம் என்றேன்.

வெளியே மதில் ஓரமாக வேலாயி நின்றாள். அவளை உள்ளே கூப்பிடவில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவளின் சாட்சி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். சாவுக்குப் பிறகு அவள் வேலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"உள்ள எவ்வளவுன்னு சொன்னீங்க?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"முள்ளு நூத்திரண்டுல நின்னுச்சுங்க," என்றாள். "மொத தடவையே நான் பாத்தேன்."

"உனக்குத்தான் நம்பர் வாசிக்கத் தெரியாதே, வேலாயி."

"வாசிக்கத் தெரியாது. முள்ளு எங்க நின்னா எவ்வளவுன்னு தெரியும். பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியுங்க. நீங்க நாலு நாலாக் கழிக்கிறதும் வந்த நாள்லருந்தே தெரியும். கேட்டா மறுநாளு கொழுந்து இல்லாத செடி நிரையாப் பாத்துக் குடுப்பீங்க. அதனால கேக்குறதில்ல."

அவள் குரல் உயரவில்லை. எனக்கு அது உயர்ந்தால் தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கும் நீங்க தொண்ணூத்தெட்டுன்னு சொன்னீங்க. எப்பவும் போலப் பேசாம நின்னுட்டேங்க. தொங்குறது என் புருசன்னு அப்ப எனக்குத் தோணவே இல்லைய்யா. நிறுவைன்னா வாய மூடிக்கிறது, அவ்வளவுதான் தெரிஞ்சுச்சு."

மறுபடியும் அடிப்பாள் என்று நான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். பெண்களுக்குப் பின்னேரத்து நிரை பிரிக்க நேரமாகியிருந்தது, நானும் பின்னாலேயே போனேன்.